குமரகுரு இருபது எண்ணுகிறார்

எங்கள் காலனியில் ஒருவர் ஒன்பது வருஷமாக வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார். இன்னும் வந்து சேரவில்லை.

உடனே சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெள்ளைப்பாறை குவார்ட்டர்ஸிலேயே பெரிய அவசரக்காரர் அந்தக் குமரகுருதான். டீ ஆறுகிற வரை பொறுக்கமாட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்பார், அடுத்த வாயையும் குடிப்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து போய்விடுவார். அவர் சமைக்கிற நாளில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததே கிடையாது. இரண்டிலேயே இறக்கி, சாம்பாரில் பருப்பு பல்லில் நறநறக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர் வீடு. கிண்ணம் மாற்றிக்கொள்வோம். மற்றதெல்லாம் ஜன்னல் வழியாகத் தெரியவரும்.

வேலையிலும் இதே கதைதான். தோட்டாக்களைச் சுட்டுச் சோதிக்கிற கூடத்தில் அவர் உதவியாளர். அங்கே ஒரு சட்டம் உண்டு. எதிர்பாராமல் சுடும் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே குப்புறப் படுத்துவிட வேண்டும். சத்தம் நின்ற பிறகு மனசுக்குள் நிதானமாக இருபது எண்ண வேண்டும். அப்புறம்தான் தலையைத் தூக்கலாம். மாதாமாதம் இதற்குப் பயிற்சி வேறு நடக்கும். எல்லோரும் மண்ணில் முகம் வைத்துக் கிடக்க, குமரகுரு மட்டும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு நிற்பார். இதற்காக மூன்று மெமோ. மூன்றையும் எழுதியவர் ஃபோர்மேன் சூசைமாணிக்கம். பிறகு அவரே கேண்டீனில் உட்கார்ந்து, “குமருவ திருத்த முடியாதுப்பா” என்று சிரிப்பார்.

அந்த அவசரம்தான் அவரை மாட்டிவிட்டது. மூன்றாம் கூடத்தில் புதிதாக ஒரு கேடயம் செய்துகொண்டிருந்தார்கள். இரும்புக் கேடயம் இல்லை. ஒரு நீளமான அறைக்குள் நேரத்தையே கெட்டித் தயிர் மாதிரி இறுக்கிவிடுவார்களாம். உள்ளே போகிற தோட்டா அந்தரத்தில் ஊர்ந்துகொண்டிருக்குமாம். சிவப்பு விளக்கு எரிகிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது. அணைய நாலு நிமிஷம் இருந்தது. அதுவரை நிற்பானேன் என்று, குறிப் பலகையை எடுத்துவர குமரகுரு உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து ஏதோ எகிறியது. அறை இறுகியது. சுவிட்சை அணைத்தார்கள், மின்சாரத்தையே துண்டித்தார்கள், இறுகினது இறுகினதுதான்.

உள்ளே ஒரு வினாடி என்றால் வெளியே ஏறக்குறைய ஒரு வருஷம். காப்பாற்ற யாரும் போக முடியாது. போகிறவரும் அவர் பக்கத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கன்னங்கரேல் என்றிருக்கும். வெளிச்சமே அவ்வளவு மெதுவாகத்தான் கசிந்து வருகிறதாம். இலாகாவில் அதற்கென்று ஒரு கேமரா வைத்தார்கள். ஒரு படம் விழ ஒரு வருஷம்.

முதல் வருஷத்துப் படத்தைக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார்கள். குமரகுரு கதவுப் பக்கம் திரும்பியிருந்தார். ஒரு கால் முன்னே. கதவுக்குப் பதினோரு காலடி. ஏதோ சரியில்லை என்று தெரிந்து வெளியே கிளம்பிவிட்ட முகம்.

“பயப்படாதீங்க. நடந்து வந்துக்கிட்டுதான் இருக்கார்” என்று சொல்லிவிட்டுப் போனார் படம் கொண்டுவந்த அதிகாரி. அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஒரு படமும் வரவில்லை. கேட்டால், ரகசியம்.

மனைவி பெயர் தில்லைநாயகி. சம்பவத்தன்று அவளுக்கு முப்பத்து நாலு, அவருக்கு முப்பத்தொன்பது. இன்றைக்கு அவளுக்கு நாற்பத்து மூன்று, அவருக்கு முப்பத்தொன்பதும் ஒன்பது வினாடியும். அவரைவிட மூத்தவளாகிவிட்ட வருஷத்தில் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்தாள். புருஷன் இல்லாத வீட்டில் சாயம் எதற்கு என்று பால் பூத்தில் ஒரு பேச்சு ஓடியது. ஆரம்பித்தது நான் இல்லை. நடுவில் சேர்ந்துகொண்டேன், அதை மறுக்கவில்லை.

அவளை நாங்கள் நிம்மதியாக இருக்கவிடாமல் பண்ணிய கேள்வி ஒன்றுதான்: “எப்ப வர்றாரு?” பால் பூத்தில் கேட்போம். ரேஷன் வரிசையில் கேட்போம். ஒரு கல்யாணத்தில் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன். கேட்டால் அக்கறை, கேட்காவிட்டால் ஆணவம், இதுதானே நம் ஊர் வழக்கம். இரண்டாம் வருஷக் கடைசியில் ஒருநாள் குழாயடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் சொன்னாள்:

“தேதி தெரிஞ்சா சொல்லிர மாட்டனா, வேணியக்கா? எனக்கே தெரியலையே.”

அன்று மாலையே ஃபோர்மேன் சூசை அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, கடன் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன்.

“அந்த அறை எவ்வளவு இறுகியிருக்குன்னு தெரிஞ்சா தேதி போட்டுரலாம் தங்கச்சி” என்றார் சூசை. “ஒரு குண்டு சாதாரணமா என்ன வேகம் போகும்னு நமக்குத் தெரியும். அதே குண்டை அந்த அறைக்குள்ள விடணும். எப்ப உள்ள போச்சு, எப்ப வெளிய வந்துச்சுன்னு பார்த்தா போதும். ஆனா அந்த இறுக்கம் மாறிக்கிட்டே இருக்குன்னு சொல்றாங்க. ஒருதடவ பார்த்தா பத்தாது.”

“குண்டா? அவரு மேல பட்டுட்டா?”

“அவன் நடு வழியில வர்றான். எடதுபக்கச் சுவரோரமா, கதவுக்குப் பக்கத்துலயே ஒரு துளையிருக்கு, எதிர்ச்சுவத்துல ஒண்ணு. அந்தக் கோட்டுல விட்டா அவனுக்கும் குண்டுக்கும் நாலு மொழம். ஏர்கன்னு போதும்.”

இலாகா எப்படி அனுமதித்தது என்பது தனிப் புராணம். எட்டு மனு, இரண்டு தர்ணா. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், குடும்பத்தார் பொறுப்பில், என்று ஒரு தாள் வந்தது. தங்கள் தலைவலியை இன்னொருவர் தலைக்கு மாற்றிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வேகம் அளக்கிற கருவி வாங்க மூவரும் டவுனுக்குப் போனோம். குரோனோகிராஃப் என்று பெயர். எங்கள் வாயில் அது வேகப்பெட்டி ஆகிவிட்டது. கடைக்காரப் பையன் மூன்று தினுசு எடுத்து வைத்தான். ஒன்று சின்னப் புத்தகம் மாதிரி இருந்தது, ரேடார். துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். இன்னொன்று குழல் முனையிலேயே மாட்டிக்கொள்கிற காந்தப் பட்டை. மூன்றாவது அரதப் பழசு: இரண்டு குட்டி வாசல், நடுவில் ஒரு பெட்டி. முதல் வாசலைக் குண்டு தாண்டும்போது அதன் நிழல் விழும், கடிகாரம் ஓடத் தொடங்கும்; இரண்டாவது வாசலில் நிழல் விழுந்ததும் நிற்கும்.

“ரேடார் எடுத்துக்குங்க மேடம். செகண்டுக்கு ஆயிரம் மீட்டர் போற புல்லட்டையே புடிச்சிரும்” என்றான் பையன்.

“மெதுவா வர்றதப் புடிக்குமா?” என்று கேட்டாள் தில்லை.

“எவ்ளோ மெதுவா?”

“ஒரு மாசம் ஆகும்.”

பையன் எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். நான் தாலியைச் சரிசெய்துகொண்டு கௌரவமாக நின்றேன்.

“மேடம், எந்த மெஷினும் அரை செகண்டுக்கு மேல காத்துக்கிட்டிருக்காது. எரர் காட்டிட்டு அணைஞ்சிரும்.”

“இது?” வாசல் கருவியைச் சூசை திருப்பிப் பார்த்தார். அடியில் நாலு திருகாணி. “இதத் திறக்கலாமா?”

“திறந்தா கேரண்டி போயிரும் சார்.”

“போகட்டும். இதக் காத்திருக்கப் பழக்கிருவேன்.”

தில்லை அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். உள்ளே இருந்த அவசர வயரைச் சூசை வெட்டி எறிந்தார். மின்தடை வந்தால் கணக்கு போய்விடுமே என்று ஒரு பேட்டரி தேவைப்பட்டது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அந்தக் கோடையை விசிறி மட்டையோடு கழித்தார்; இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

பொருத்துவது அதைவிடப் பாடு. முதலில் வெளியே மைதானத்தில் வைத்து, சாதாரணக் குண்டின் வேகத்தைப் பத்துத் தடவை சுட்டுப் பார்த்தார்கள். முதல் வாசலைத் துப்பாக்கிக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்துவிட்டதால் குண்டுக்கு முன்னால் பீறிட்ட காற்றையே எண்ணித் தொலைத்தது. மூன்று அடி தள்ளி வைத்ததும் சரியானது. வாசல்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும், கோணினால் எண்ணும் கோணும். வேகமாகப் போகிற பொருளுக்கு இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். மெதுவாகப் போகிறதற்குக் கிட்டக் கிட்ட வைத்தால் போதும். இதையெல்லாம் சூசை சொல்லச் சொல்ல தில்லை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். கூடத்துக்குள் கொண்டுபோய், குண்டு உள்ளே போகிற துளைக்கு எதிரில் ஒரு வாசலும் வெளியே வருகிற துளைக்கு எதிரில் இன்னொன்றுமாக வைத்தால், சுடுவதற்கு முன்பே எண்கள் ஓடின. டியூப்லைட் சிமிட்டுவதை அது நிழல் என்று நினைத்துக்கொண்டது. டியூப்லைட்டைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு போட்டார்கள். வெளிச்சம் ஒரே சீராகப் பரவ மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்ட வேண்டும் என்றார் சூசை. தில்லை வீட்டுக்குப் போய் குமரகுருவின் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தது. அதைப் பாதியாகக் கிழிக்கலாம் என்றார் சூசை. அவள் கிழிக்கவிடவில்லை, இரண்டு வாசலுக்குமாக வேறொரு வேட்டியும் எடுத்துவந்தாள்.

முதல் குண்டை அவளே சுட்டாள். கதவுக்குப் பக்கத்துத் துளையில் போயிற்று. சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. நாங்கள் வீட்டுக்கு வந்து மத்தியானச் சமையலைப் பார்த்தோம்.

இருபத்தொன்பது நாள் கழித்து எதிர்ச்சுவரில் ‘டக்’. குண்டு வெளியே வந்து மணல் மூட்டையில் விழுந்தது. சூசை கூட்டிப் பெருக்கிப் பார்த்தார். ஒரு வினாடிக்கு ஒரு வருஷமும் பன்னிரண்டு நாளும். படத்துக்கு அப்புறம் இரண்டு வைத்திருப்பார் என்று பார்த்தால் இன்னும் ஒன்பது காலடி, குமரகுருவின் நடைக்கு ஆறு வினாடி. தேதி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு, ஒரு குண்டு வெளியே வந்த அடுத்த ஞாயிறே இன்னொன்று உள்ளே போகும். மேட்டூர் அணை நீர்மட்டம் கேட்கிற மாதிரி காலனி முழுக்க நிலவரம் கேட்கும். “இந்த மாசம் எப்படி?” “பதினோரு நாள் தள்ளிப்போச்சு.” “அடடா. போன மாசம் நாலு நாள் முன்னாடி வந்துச்சே.” தில்லையின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது அல்லவா? தேதியைக் கேட்டுக்கொண்டு நாங்களும் சும்மா இருந்தோம். முழுக்கச் சும்மா என்று சொல்ல முடியாது. தேதி தள்ளிப்போன மாதங்களில் அவள் ஜாதகத்தைக் கிளறினோம்.

ஒருதடவை மூன்றே நாளில் எண் நின்றுவிட்டது. கணக்குப் போட்டால் அடுத்த மாதமே வந்துவிடுவார். வீட்டுக்கு வெள்ளையடித்தாள். புது மெத்தை வந்து இறங்கியது. அவருக்குப் பிடிக்கும் என்று எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். அப்புறம் சூசை போய்ப் பார்த்தால், இரண்டாவது வாசலில் ஒரு பல்லி உட்கார்ந்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. பல்லி எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது, பலன் என்ன என்று நாலு பேர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். நல்ல சேதி வரும் என்றுதான் போட்டிருந்தது. தில்லை ஊறுகாயை வீடு வீடாகக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு வாயோடு மூடி வைத்துவிட்டேன்.

எட்டாம் வருஷம் உண்மையான தேதி வந்தது. ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும் என்று சூசை சொல்லியிருந்ததால், பத்து நாள் ஆரத்தித் தட்டோடு கூடத்து வாசலில் முறை வைத்து உட்கார்ந்தோம். தில்லை ஒருநாள் கட்டிய புடவையை மறுநாள் கட்டவில்லை. பத்தாம் நாள் ஆரத்தித் தண்ணீரில் எறும்பு மிதந்தது. கதவு திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனாள்.

“எங்கயோ கணக்குல தப்பு நடந்திருக்கு அண்ணே” என்றாள். “இன்னும் சரியா அளக்கணும்.”

இந்த வருஷம் இலாகாவுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தாள். டாக்டர் நஸ்ரின். முப்பது வயசுகூட இருக்காது. வந்த மாதமே பழைய அலமாரிகளைத் திறந்திருக்கிறாள். போன மாதம் ஒரு காலை, கையில் பழுப்பு உறையோடு தில்லை வீட்டு வாசலில் நின்றாள். சூசை அண்ணனும் கூட இருந்தார். நான் உடனே ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

“இதை உங்ககிட்ட காட்டாம வச்சிருந்தாங்க, அம்மா” என்றாள் நஸ்ரின். “காட்டியிருக்கணும். அவருக்கு நெஞ்சுவலி வந்து விழுந்துட்டாருன்னு ஃபைல்ல எழுதி மூடிட்டாங்க. பிரச்சினை வரும்னு பயம். எனக்கு மனசு கேக்கல.”

எட்டுப் படங்களை மேஜையில் வரிசையாக வைத்தாள்.

இரண்டாம் வருஷம்: கால் அந்தரத்தில், அடுத்த அடி. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்றாம் வருஷம்: நின்றுவிட்டார். கழுத்து திரும்பியிருந்தது. நாலாம் வருஷம்: முழங்கால் மடிந்து, கைகள் தலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஐந்தாம் வருஷம் தரையில் குப்புறக் கிடந்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாவற்றிலும் அப்படியே. தலைமேல் இரண்டு கையும்.

தில்லை அழவில்லை. ஐந்தாம் வருஷப் படத்தில் அவர் முதுகை ஒற்றை விரலால் தடவினாள்.

“நெஞ்சுவலின்னா கைய நெஞ்சுலல்ல வைப்பாங்க?” என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை. இருபது வருஷமாக அடுத்த வீட்டாரின் கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்தே பழகியவள். “இந்த மூணாம் வருஷப் படத்தப் பாரு தில்லை. கதவுக்கு வர்ற மனுஷன் கதவப் பாக்கல. எடதுபக்கம் என்னத்தையோ பாக்குறாரு.”

“எடதுபக்கம் ஒண்ணுமே கிடையாதே ஆன்ட்டி. வெறும் சுவர்” என்றாள் நஸ்ரின்.

சூசை நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“தங்கச்சி, நீ எத்தன குண்டு சுட்டிருக்க?”

நோட்டு அலமாரியில் இருந்தது. அவள் அதை எடுக்கவே இல்லை. “எம்பத்தேழு. கடைசியா போனது இன்னும் உள்ள இருக்கு.”

“ஏழு வருஷத்துல எம்பத்தேழு” என்றார் சூசை. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “அவனுக்கு அது ஏழு வினாடி.”

நஸ்ரின்தான் முதலில் வாயில் கை வைத்தாள். எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாதம் ஒரு குண்டு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே இருக்கிற மனுஷனுக்கு வினாடிக்குப் பன்னிரண்டு. கதவுப் பக்கமிருந்து. நிற்காமல். யாரோ எந்திரத் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிவைத்து வெளுத்துக் கட்டுகிறார்கள் என்று அவர் நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்?

“சத்தம் கேட்டா படுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றார் சூசை. “ஒழுங்கா படுத்திருக்கான்.”

“நான்தான் சுட்டேன்” என்றாள் தில்லை.

என் கையில் சர்க்கரை டம்ளர் இருந்தது. பேட்டரி கொடுத்தது நான். எப்போ எப்போ என்று ஏழு வருஷம் கேட்டுக் கேட்டு அவளை அந்தத் துளையின் முன்னால் நிறுத்தியதும் நான்தான், எங்கள் காலனிதான். டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டேன்.

“சுடறத நிறுத்திட்டா அவர் எழுந்து வந்துருவார், அம்மா” என்றாள் நஸ்ரின். “ஆனா அதுக்கப்புறம் அளக்க முடியாது. எழுந்தாரா, எத்தனை அடி வந்தார், எப்ப வருவார், எதுவுமே தெரியாது. வருஷத்துக்கு ஒரு படம் மட்டும் நானே கொண்டுவந்து தர்றேன்.”

“நிறுத்திரலாம்” என்றாள் தில்லை. யோசிக்கவே இல்லை.

“அது மட்டும் இல்ல தங்கச்சி.” சூசையின் கண் நிரம்பியிருந்தது. “சத்தம் நின்னதுக்கு அப்புறம் இருபது எண்ணணும். அதுதான் சட்டம். நிதானமா இருபது. அவன் இருபது எண்ணி முடிக்க நமக்கு…”

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. எனக்கே கணக்கு வந்துவிட்டது. அவளுக்கு அறுபத்து மூன்று ஆகியிருக்கும்.

தில்லை படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து,

“அண்ணே, அவருக்கு மூணு மெமோ குடுத்தீங்களே, எதுக்கு?” என்று கேட்டாள்.

சூசை விழித்தார். “எதுக்குன்னா… எண்ணாம எந்திரிச்சதுக்கு.”

“எத்தனையில எந்திரிச்சாரு?”

“மொத தடவ ஒம்பது. மத்த ரெண்டு தடவையும் ஏழு.”

“ம்” என்றாள் தில்லை.

அவள் உதட்டோரத்தில் வந்தது சிரிப்புதான். ஒன்பது வருஷத்தில் அந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. குக்கரை இரண்டாவது விசிலில் இறக்கிவைக்கிற புருஷனைப் பற்றி என்னிடம் கோள் சொல்ல வருவாளே, அப்போது வருகிற சிரிப்பு.

“கேண்டீன்ல உக்காந்து அவனத் திருத்த முடியாதுன்னு சொன்னேன்” என்றார் சூசை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “மாதாவே, இந்த ஒரு தடவ என் பேச்சக் கேட்டுத் தொலைச்சிடக் கூடாதே அவன்.”

எண்பத்தேழாவது குண்டு வெளியே வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதுவரை தினம் காலையில் தில்லை எதிர்ச்சுவர்ப் பக்கம் போய் மணல் மூட்டையின் அருகில் உட்கார்ந்தாள். பதினெட்டாம் நாள் ‘டக்’. அவள் குண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். துப்பாக்கியைத் துடைத்து, இலாகாவிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினாள். கதவுக்குப் பக்கத்துத் துளையில் நஸ்ரினே நின்று சிமெண்ட் பூசவைத்தாள்.

அந்த வாரத்திலிருந்து தலைக்குச் சாயம் பூசுவதையும் விட்டுவிட்டாள். வகிட்டில் வெள்ளை ஓடியதும் நான் சும்மா இருப்பேனா?

“என்னடி இது, வர்ற மனுஷன் அடையாளம் தெரியாம முழிக்கப் போறாரு.”

“முழிக்கட்டுமே, வேணியக்கா. நாலு நிமிஷம் நிக்காம உள்ள போனதுக்கு என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?”

வேகப்பெட்டியை என்ன செய்வது என்றுதான் ஒரு கேள்வி நின்றது. சூசை பழைய அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தார். தில்லை வேண்டாம் என்றாள். இரண்டு வாசலையும் துப்பாக்கிக் கோட்டிலிருந்து கழற்றி, கூடத்தின் பெரிய கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். குண்டு போகிற அளவுக்குச் சின்னதாக இருந்த வாசல்களைச் சூசை மூங்கிலும் கம்பியும் கட்டி ஆளுயரத்துக்கு எழுப்பினார். பழைய பேட்டரி செத்திருந்தது, எங்கள் வீட்டுப் புதுப் பேட்டரியும் அங்கே போயிற்று. இந்தத் தடவை வீட்டுக்காரர் விசிறி மட்டையை அவரே தேடி எடுத்துக்கொண்டார்.

மேலே வேட்டி கட்டுகிற வேலை மட்டும் பாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. காலனியில் பாதிப் பேர் வேலியோரம் நின்றார்கள். ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தவள் நான்தான். ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் என்னைவிட ஆள் கிடையாது.

சூசை முதல் வாசலை நட்டுவிட்டு, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதோடு நின்றார்.

“எவ்வளவு தள்ளி வைக்கணும், தங்கச்சி? நடந்து வர்ற ஆளுக்கு ரெண்டடி போதும். ஓடி வர்ற ஆளுன்னா நாலடியாவது வேணும்.”

தில்லை கதவைப் பார்த்தாள். உள்ளே அவர் இப்போது ஒன்று என்றுகூடச் சொல்லி முடித்திருக்க மாட்டார்.

“நாலடி வைங்க” என்றாள்.

நான் போய் வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.